மனச்சோர்வுக்கு மாத்திரை, உளவியல் சிகிச்சை, உடற்பயிற்சி: எதை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: திருமங்கலத்து அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டின் இறுதியிலிருந்தே தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வேலையில் கவனம் சிதறுதல், தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்ற பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் யாரோடும் பேசாமல் மாடி அறையிலேயே இருந்துவிட்டான். நாங்கள் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நடுத்தர அளவிலான மனச்சோர்வு என்று கூறி, எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை எழுதிக் கொடுத்த அவர், உளவியலாளர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தூக்கம் சற்றுச் சீராகியிருக்கிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை என்கிறான். இதற்கிடையில், ஓட்டப்பயிற்சி மாத்திரைக்கு இணையாகப் பலன் தருகிறது என்ற செய்தியை எங்கோ படித்துவிட்டு, மாத்திரையை விட்டுவிட்டு நாள்தோறும் ஓடப்போவதாகச் சொல்கிறான். அப்பாவுக்கு இதில் மகிழ்ச்சிதான். மாத்திரை பழகிவிட்டால் விடமுடியாது, பெண் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் சிக்கல் என்பவை அவருடைய கவலைகள். உளவியலாளரின் கட்டணத்தை வாராவாரம் கொடுப்பது தம்பியின் சம்பளத்துக்குக் கடினமாக இருப்பதால், அதை ஒரே அமர்வோடு நிறுத்தி வைத்திருக்கிறான்.

மாத்திரை, உளவியல் சிகிச்சை, உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் உள்ளனவா, அவை உண்மையில் என்ன சொல்கின்றன என்பதே என் கேள்வி. தம்பி எதையும் காரணம் கேட்டுத்தான் ஏற்பவன். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதினால் அவனிடம் பேச உதவியாக இருக்கும்.

பதில்: உறையூர் மருத்துவர்

மனநல மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். தங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவருடைய சிகிச்சை குறித்து முடிவாக எதையும் சொல்வது முறையாகாது. ஆனாலும் இரண்டு செய்திகளை ஆய்வுகளுக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை அவராகவே நிறுத்தக் கூடாது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்ட எஸ்சிடலோபிராமைத் திடீரென்று விட்டால், தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் குலைவு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு ஆகியவை சிலருக்கு வரும். நோய் முற்றிவிட்டது என்று அவரும் வீட்டாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அடுத்து, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். குடும்பத்துக்குப் பாரம் என்று அவர் சொல்வதாக எழுதியிருப்பதால் இதைக் கேட்கிறேன். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்று சொன்னால் அடுத்த முன்பதிவு வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நேரம் எதுவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தம்பி படித்தது பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். மனச்சோர்வோ பதற்ற நோயோ உடைய 141 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின் எடுத்துக்கொண்டனர். மற்றொரு பிரிவினர் பயிற்சியாளரின் மேற்பார்வையில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், குழுவாக ஓடினர். 16 வாரங்களின் முடிவில் நோயிலிருந்து மீண்டவர்கள் மாத்திரைப் பிரிவில் ஏறத்தாழ 45 விழுக்காடு, ஓட்டப் பிரிவில் 43 விழுக்காடு. எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் போன்றவற்றில் ஓட்டப் பிரிவினர் தெளிவாக மேம்பட்டிருந்தனர். இந்த அளவில் செய்தி சரியானதே.

ஆனால் அந்த ஆய்வில் பெரும்பாலோர் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. எது வேண்டும் என்று தாமே தேர்ந்துகொண்டனர். 96 பேர் ஓட்டப் பிரிவிலும் 45 பேர் மாத்திரைப் பிரிவிலும் இருந்தனர். மாத்திரையைத் தேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதலான சோர்வோடு இருந்தவர்கள். அதைவிட முக்கியமானது, எத்தனை பேர் இறுதிவரை முறையாகக் கடைப்பிடித்தனர் என்ற கணக்கு: மாத்திரைப் பிரிவில் 82 விழுக்காடு, ஓட்டப் பிரிவில் 52 விழுக்காடு மட்டுமே. தாமே விரும்பி ஓட்டத்தைத் தேர்ந்தவர்கள், மேற்பார்வையும் துணையும் கிடைத்த நிலையில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் தொடரவில்லை என்பதை உங்கள் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாருடைய துணையுமின்றி, அதிகாலையில் தனியாக எழுந்து ஓடப்போகும் ஒருவருக்கு அது இன்னும் கடினம்.

இதற்கு முன்னோடி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு. 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை உடற்பயிற்சி, செர்ட்ராலின், இரண்டும் சேர்ந்தது என மூன்றாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். 16 வாரங்களில் மூன்று பிரிவுகளும் ஒரே அளவுக்கு முன்னேறின. மாத்திரைப் பிரிவில் பலன் சற்று விரைவாகத் தெரிந்தது. அதே குழுவினர் 2007-இல் 202 பேரைக் கொண்டு செய்த அடுத்த ஆய்வில் மருந்தற்ற போலி மாத்திரையையும் ஒரு பிரிவாகச் சேர்த்தனர். மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களில் 45 விழுக்காட்டினரும், வீட்டில் பயிற்சி செய்தவர்களில் 40 விழுக்காட்டினரும், செர்ட்ராலின் எடுத்தவர்களில் 47 விழுக்காட்டினரும் மீண்டனர். போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 31 விழுக்காட்டினர் மீண்டனர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலமும் கவனிப்பும் தாமாகவே ஒரு பகுதியினரைத் தேற்றுகின்றன. எந்தச் சிகிச்சையின் பெருமையும் அந்த 31-க்கு மேலே உள்ள பகுதியில்தான் இருக்கிறது.

நோயின் கடுமையைப் பொறுத்தே வரிசை மாறும் என்பதற்குப் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பார்க்கலாம். கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு, நோயாளி விரும்பினாலொழிய, மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அது சொல்கிறது. உளவியல் சிகிச்சைகளோடு குழு உடற்பயிற்சியையும் அந்த நிலைக்குரிய தெரிவுகளில் சேர்த்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வு என்றால் மாத்திரையும் தனிநபர் உளவியல் சிகிச்சையும் சேர்ந்ததை முதலில் வைக்கிறது. உங்கள் தம்பி இவற்றின் நடுவே இருக்கிறார். ஆகவே "எது வலிமையானது" என்பதைக் காட்டிலும், இன்றைய நிலையில் அவரால் எதை விடாமல் தொடர முடியும் என்று கேட்பதே பயனுள்ளது.

பதில்: புள்ளியியல் வாத்தியார்

மருத்துவர் ஐயா எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இத்தகைய செய்திகளில் வரும் ஒப்பீட்டு எண்களை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்; ஏனெனில் தம்பி அடுத்த வாரமே இன்னொரு செய்தியோடு வருவார்.

2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வு, வெளியானது. 218 ஆய்வுகள், 14,170 பங்கேற்பாளர்கள். நடை அல்லது மெல்லோட்டம், யோகா, எடைப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வை மிதமான அளவுக்குக் குறைத்ததாகவும், பயிற்சி எவ்வளவு தீவிரமாக இருந்ததோ அந்த அளவுக்குப் பலனும் கூடியதாகவும் அது கண்டது. அதில் வெளியான அட்டவணையில் நடைக்குக் கிடைத்த மதிப்பு, மனச்சோர்வு மாத்திரைகளுக்குக் கிடைத்த மதிப்பைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது. உடனே உலகெங்கும் "மாத்திரையைவிட நடை சிறந்தது" என்று தலைப்புகள் வந்தன. அப்படிச் சொல்ல அந்த அட்டவணை இடம் தரவில்லை.

காரணம் எளிது. மாத்திரை ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு இருப்பவர்கள், தாமும் மருந்து எடுப்பதாக நம்பிக்கொண்டு போலி மாத்திரையை விழுங்குபவர்கள். அவர்களிலேயே மூவரில் ஒருவர் அளவுக்குத் தேறிவிடுகிறார்கள் என்பதை மேலே பார்த்தோம். உடற்பயிற்சிக்குப் போலி வடிவம் கிடையாது. ஓடுகிறவருக்குத் தாம் ஓடுவது தெரியும். ஒப்பீட்டுப் பிரிவில் இருப்பவருக்குத் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். பல ஆய்வுகளில் அந்தப் பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில் போடப்பட்டு, சற்று ஏமாற்றத்தோடும் இருப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் பேருந்தை முந்திய வண்டியையும், ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தை முந்திய வண்டியையும் வைத்து எது வேகமானது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பாய்வின் ஆசிரியர்களே, சாய்வு (முடிவை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் ஆய்வுக் குறைகள்) குறித்த கடுமையான அளவுகோலைத் தாண்டியது 218-இல் ஒரே ஓர் ஆய்வுதான் என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தலைப்பில் போட எந்தப் பத்திரிகைக்கும் மனம் வருவதில்லை.

தரத்தால் வடிகட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வறிக்கை நல்ல சான்று. பயிற்சியை, பயிற்சி இல்லாமையோடு ஒப்பிட்ட 35 ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் மிதமானதாக, சுழியம் என்றால் பலனே இல்லை என்று பொருள்படும் அளவுகோலில் 0.62 ஆக இருந்தது. அடுத்து வருபவர் எந்தப் பிரிவுக்குப் போவார் என்று முன்கூட்டித் தெரியாதபடி குலுக்கலை மறைவாகச் செய்தவை, இடையில் விலகியவர்களையும் கணக்கில் சேர்த்தவை, யார் எந்தப் பிரிவு என்று அறியாதவர் மதிப்பிட்டவை என்ற மூன்று நிபந்தனைகளுக்கும் உட்பட்ட ஆறு ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது 0.18 ஆகச் சுருங்கியது. தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. அதே அறிக்கையில் பயிற்சியை உளவியல் சிகிச்சையோடு ஒப்பிட்டவை ஏழு ஆய்வுகள், மொத்தம் 189 பேர். மாத்திரையோடு ஒப்பிட்டவை நான்கு ஆய்வுகள், 300 பேர். இரண்டிலும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் வேறுபாடு தென்படாததை "சமம் என்று நிறுவப்பட்டது" என்று படிப்பது பிழை.

இங்கிலாந்தில் 361 பேரை வைத்து நடந்து 2012-இல் வெளியான டிரெட் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சையோடு, உடலுழைப்பைக் கூட்டிக்கொள்ள ஊக்கமளிக்கும் ஒருவரையும் ஒரு பிரிவினருக்கு ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் உண்மையிலேயே கூடுதலாக நடந்தார்கள். ஆனால் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. குழுவாக, மேற்பார்வையோடு, குறித்த நேரத்தில் செய்யும் பயிற்சியும், "கொஞ்சம் நடந்து பாருங்கள்" என்ற அறிவுரையும் ஒன்றல்ல என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

மாத்திரையின் பக்கமும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் லான்செட்டில் வெளியான சிப்ரியானி குழுவினரின் தொகுப்பாய்வு 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் உள்ளடக்கியது. அதில் இடம்பெற்ற 21 மாத்திரைகளும் போலி மாத்திரையைவிட மேலானவையாகவே இருந்தன. ஆனால் சராசரி இடைவெளி சிறியதுதான். சிறியதாயினும் மிக உறுதியாக அளக்கப்பட்ட பலன் ஒரு பக்கம். பெரிதாகத் தெரிந்தாலும் தளர்வாக அளக்கப்பட்ட பலன் மறுபக்கம். ஒப்பீடு என்று பேசப்படுவது இந்த இரண்டையும்தான்.

பதில்: நெல்லை உளவியலாளர்

மேலே இருவரும் மாத்திரையையும் ஓட்டத்தையும் பற்றியே பேசிவிட்டார்கள். மூன்றாமவரைக் கட்டணத்தைக் காட்டி ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

உளவியல் சிகிச்சை என்றால் யாரோ ஒருவர் எதிரில் அமர்ந்து ஆறுதல் சொல்வார், அதற்கு நண்பரே போதுமே என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையில் அமர்வுகளுக்கு ஒரு திட்டம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, ஒவ்வொரு வாரமும் அறிகுறிகளை எண்ணால் அளந்து பார்ப்பதும் உண்டு. "என்னால் எல்லோருக்கும் பாரம்" என்று ஒருவர் சொன்னால், அந்த எண்ணம் எந்த நேரத்தில் எழுகிறது, எழுந்ததும் அவர் என்ன செய்கிறார், செய்ததனால் அது வலுக்கிறதா தளர்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேடிப் பார்ப்பார்கள். பிம் கய்பர்ஸ் குழுவினர் 2023-இல் 409 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சி.பி.டி. குறுகிய காலத்தில் மாத்திரைக்கு இணையாகவும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான தொடர்கண்காணிப்பில் அதைவிடச் சற்று மேலாகவும் இருந்தது. அமர்வுகள் முடிந்த பிறகும் கற்றது கையோடு இருக்கிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

தங்கள் தம்பிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது செயலூக்கச் சிகிச்சை. மனச்சோர்வில் ஒருவர் முதலில் விடுவது தமக்கு நிறைவு தந்த செயல்களை. விட்டதனால் நாள் வெறுமையாகிறது. வெறுமை சோர்வைக் கூட்டுகிறது. கூடிய சோர்வு அடுத்த செயலையும் விட வைக்கிறது. இந்தச் சுழலை எண்ணங்களின் பக்கமிருந்து அறுக்காமல் செயல்களின் பக்கமிருந்து அறுப்பதே இம்முறை. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், திட்டமிட்ட சிறு செயலைச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் மனநிலையைக் குறித்துவைக்கச் சொல்கிறோம். இங்கிலாந்தில் 440 பேரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான கோப்ரா ஆய்வில், இளநிலைப் பணியாளர்கள் அளித்த செயலூக்கச் சிகிச்சை, பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர்கள் அளித்த சி.பி.டி.க்குக் குறைந்ததாக இல்லை, செலவோ குறைவு.

நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2017-இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை செயலூக்கச் சிகிச்சை. அமர்வுகளை நடத்தியவர்கள் மனநலப் பட்டம் எதுவும் பெறாத, குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் மீண்டவர்கள் வழக்கமான கவனிப்பில் 39 விழுக்காடு. செயலூக்கச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காடு. வாரக்கணக்கில் ஓராண்டு வந்து போக வேண்டும் என்ற அச்சம் தேவையற்றது என்பதற்காகவே அமர்வுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டேன்.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். ஒரு செயலூக்கச் சிகிச்சையாளரிடம் உங்கள் தம்பி ஓடப்போகிறேன் என்று சொன்னால், அவர் மறுக்க மாட்டார். அதையே முதல் வாரத் திட்டமாக எழுதிவிடுவார். ஆனால் ஐந்து கிலோமீட்டர் என்று எழுத மாட்டார். செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறு மணிக்கு, அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பரோடு, பதினைந்து நிமிட நடை என்று எழுதுவார். போக முடியாத நாளில் என்ன தடுத்தது என்று அடுத்த அமர்வில் பேசுவார். மருத்துவர் ஐயா குறிப்பிட்ட 52 விழுக்காட்டை உயர்த்துவது இப்படிப்பட்ட சிறு ஏற்பாடுகள்தாம் என்பது என் அனுபவம். உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்தும் ஒப்பீட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லாததற்கும் இதுவே காரணம்.

கட்டணம் பற்றி: மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம், கூட்டம் இருக்கும், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைவாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாரிடம் செல்வதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒன்று என்பதை, முதல் நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்ற முடியுமா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பதில்: மாத்திரையும் நடையும்

ஆய்வுகள் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நோயாளியாக இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

மிக மோசமாக இருந்த மாதங்களில் உடற்பயிற்சி செய் என்று எனக்குச் சொல்லாதவர்களே இல்லை. பல் துலக்குவதற்கு எழுந்திருப்பதே பெரும் வேலையாக இருக்கும் ஒருவனிடம் அதைச் சொல்லும்போது, அவன் காதில் அது "நீ சோம்பேறி" என்றே விழுகிறது. செர்ட்ராலின் எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மகிழ்ச்சி எதுவும் பொங்கிவிடவில்லை; காலையில் எழ முடிந்தது, அவ்வளவுதான். எழ முடிந்ததால் நடக்க முடிந்தது. நடை பழக்கமான பிறகுதான் மற்ற மாற்றங்கள் வந்தன. ஆகவே உங்கள் தம்பிக்கு ஓட வேண்டும் என்ற விருப்பம் எழுந்திருப்பதையே நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கிறேன்; ஒருவேளை அது மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அதை நிறுத்துவானேன்?

மருத்துவர்களிடம் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரைகள் தாம்பத்திய ஆர்வத்தைக் குறைக்கும், உச்சநிலையைத் தாமதப்படுத்தும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இளைஞர்கள் பலர் காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அண்ணனிடம் தம்பி இதைச் சொல்ல மாட்டார். மருத்துவரிடம் தனியாகப் பேச அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். நீங்கள் வெளியே அமருங்கள்.

அப்பாவின் கவலைக்கு: நான் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் திருமணம் நிச்சயமானது. என் மனைவியிடம் நானே முன்பே சொன்னேன். வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

மீண்டும் கேள்வி: திருமங்கலத்து அண்ணன்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியிடம் நீண்ட நேரம் பேசினேன். மருத்துவர் ஐயா சொன்ன கேள்வியையும் கேட்டேன். அப்படிப்பட்ட எண்ணம் இப்போது இல்லை, முன்பு வந்ததுண்டு என்றான். அடுத்த முறை மருத்துவரிடம் அதைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளை எழுப்பினான். ஒரு மாதத்துக்கு மேலாகியும் பாதிப் பலன்கூட இல்லையென்றால் அந்த மாத்திரையைத் தொடர்வதில் என்ன பொருள்? தொடர்ந்தால் எவ்வளவு காலம், பிறகு விட முடியுமா?

பதில்: உறையூர் மருத்துவர்

அவர் கேட்டவை சரியான கேள்விகள்.

முதல் மாத்திரையிலேயே முழுமையாக மீள்பவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரைச் சேர்த்து 2006-இல் முடிவுகளை வெளியிட்ட ஸ்டார்-டி ஆய்வு, எஸ்சிடலோபிராமின் வகையையே சேர்ந்த சிடலோபிராமைக் கொண்டு இதைக் காட்டியது. ஆகவே முதல் மாத்திரையில் பாதிப் பலனோடு நிற்பது தோல்வியும் இல்லை, அரிதான நிலையும் இல்லை. நான்கு முதல் ஆறு வாரங்களில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால், அளவைக் கூட்டலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா, உளவியல் சிகிச்சையைச் சேர்க்கலாமா என்று மருத்துவர் மறுபடி யோசிப்பார். 10 மில்லிகிராம் என்பது எஸ்சிடலோபிராமின் வழக்கமான தொடக்க அளவு. அதற்கு மேலும் இடம் இருக்கிறது. மூன்றாவது தெரிவுக்கு நல்ல ஆதாரமும் உண்டு: கய்பர்ஸ் குழுவினர் 2020-இல் 101 ஆய்வுகளைத் தொகுத்ததில், மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் சேர்ந்தது, தனித்தனியாக இரண்டையும்விட மேலாக இருந்தது. மாத்திரையோடு உடற்பயிற்சியைச் சேர்ப்பதில் 1999 டியூக் ஆய்வு கூடுதல் பலனைக் காட்டவில்லை என்றாலும், தூக்கத்துக்கும் எடைக்கும் இதயத்துக்கும் நல்லது என்பதால் நான் யாரையும் தடுப்பதில்லை.

அளவைக் கூட்டும் முன் இரண்டு காரியங்கள் நடந்தனவா என்று பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகள் எடுக்கப்படவில்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சோர்வுக்கு நேர்மாறாக, சில நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் செலவோடும் பேச்சோடும் அவர் இருந்த காலம் எப்போதேனும் உண்டா, நெருங்கிய உறவினர்களில் யாருக்கேனும் அப்படி இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமுனை நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது நிலைமையைப் புரட்டிவிடக்கூடும்.

காலம் பற்றி: நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வது பொதுவான நடைமுறை, முன்பே இப்படி வந்து போயிருந்தால் இன்னும் நீளும். நீண்டகாலமாக மாத்திரை எடுத்து, நலமாக உணர்ந்த 478 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆண்ட்லர் ஆய்வு 2021-இல் வெளியானது. படிப்படியாக நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் 56 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. அப்பாவிடம் இரண்டு எண்களையும் சொல்லுங்கள். நிறுத்தியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் அந்த ஓராண்டை மாத்திரை இல்லாமலேயே நலமாகக் கடந்திருக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மது, புகையிலையைப் போல மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் உடல் பழகியிருக்கும் என்பதால் அளவைச் சிறிது சிறிதாக, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுத்துக்கொண்டு குறைக்க வேண்டியிருக்கும்.

மேலே நண்பர் எழுதிய தாம்பத்தியப் பக்கவிளைவு உண்மையானது, பரவலானது. அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ பலருக்குச் சரிசெய்ய முடிகிறது. அடுத்த சந்திப்புக்கு முன், இரண்டு வாரக் குறிப்பு ஒன்றைத் தம்பி எழுதி எடுத்துச் செல்லட்டும்: தூங்கிய நேரம், மாத்திரை எடுத்த நேரம், நடந்த அல்லது ஓடிய நாள்கள், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு ஓர் எண். அந்தத் தாளும், இதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருந்தால், அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு அங்கே ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும்.